மஜ்ஜை மாற்று முடிந்து மதுரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு: ஜிவிஹெச்டி வழிகாட்டி

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தோம். டோனர் நான்தான். நூறு நாள் அங்கேயே தங்கி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அவர்கள் அனுப்பிவைத்த பிறகு, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தோம். 118ஆம் நாள் காலையில் அவனுடைய உள்ளங்கையும் காதோரமும் சிவந்திருந்தன. சித்திரை வெயில். வேர்க்குருவாக இருக்கும் என்றார் சித்தப்பா. மறுநாள் கழுத்திலும் நெஞ்சிலும் பரவியதும், "அம்மை போட்டிருக்குடா" என்று அப்பத்தா வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார். அம்மை என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி கிடையாது, மாத்திரை கிடையாது. டோனரின் செல்களை அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை இரண்டு வேளை அப்படியே நின்றுபோனது. நான்காம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்து சென்னைக்கு போன் செய்தேன். அது அம்மை இல்லை, ஜிவிஹெச்டி: டோனரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்குவது.

அந்த மூன்று நாளுக்கு நாங்கள் கொடுத்த விலை நாற்பது நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. தம்பி இப்போது நன்றாக இருக்கிறான், வயலுக்குப் போகாமல் கணக்கு எழுதுகிறான். உங்களுக்கு அந்த மூன்று நாள் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரையின் அளவையும் இதைப் படித்துவிட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

1. முதலில் இது என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்

சிறுநீரகம் மாற்றினால் உடம்பு புது உறுப்பைத் தள்ளப் பார்க்கும். மஜ்ஜை மாற்றில் கதை தலைகீழ். இங்கே புதிதாக வருவதே நோய் எதிர்ப்புப் படைதான். அந்தப் படையில் ஒரு வகை வெள்ளை அணுவான டோனரின் டி செல்கள் உள்ளே வந்து, நோயாளியின் தோல், குடல், ஈரல் எல்லாம் அந்நியம் என்று நினைத்துத் தாக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் ஜிவிஹெச்டி. எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், என் செல்கள் என் தம்பியை அடித்தன. இதைக் கேட்டு நான் ஒரு வாரம் அழுதேன், அது தேவையில்லாத அழுகை.

டி செல்களிலேயே மற்றவற்றை அடக்கி வைக்கும் ஒரு வகை உண்டு, டிரெக் செல் என்பார்கள். அந்த அடக்கம் புது உடம்பில் படிந்து வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ அந்த வேலையைப் பார்க்கிறது. டி செல்லே இல்லாமல் மஜ்ஜையைக் கொடுத்துவிடலாமே என்று நானும் கேட்டேன். ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லைத் தேடிக் கொல்வதும் அதே டி செல்தானாம். முழுக்க அடக்கினால் நோய் திரும்பலாம், விட்டுவிட்டால் உடம்பையே தின்னும். டாக்டர்கள் மாத்திரையை 'கொஞ்சம் குறைப்போம், பார்ப்போம்' என்று இழுப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இதில் முதல் பொறி: பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 'எதிர்ப்பு சக்தி கூட' என்று ஏதாவது கொண்டுவருவார்கள். நிலவேம்புக் கஷாயம், சீந்தில் பொடி, ஏதோ ஒரு லேகியம். நாம் காசு கொடுத்து அடக்கி வைத்திருக்கும் ஒன்றை அவர்கள் தட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். தவிர, அதில் என்ன கலந்திருக்கிறது, அது மாத்திரையோடும் ஈரலோடும் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். கொடுக்காதீர்கள்.

2. டோனர் முடிவாகும் முன்

நோயாளியும் டோனரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று பார்க்கும் ஹெச்எல்ஏ டெஸ்ட்தான் தொடக்கம். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த ஒரு சகோதரனோ சகோதரியோ முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று இருபது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், காசுதான் கரையும். கூடப் பிறந்தவர்களில் பொருத்தம் இல்லையென்றால் தாத்ரி போன்ற பதிவேடுகளில் வெளி டோனரைத் தேடுவார்கள், இல்லையென்றால் அப்பா, அம்மா, பிள்ளை என்று பாதிப் பொருத்தத்தில் செய்வார்கள்.

இரண்டு பேர் பொருந்தினால் யாரை எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். 'அக்கா தர்றேன்னு சொல்லிட்டாங்க, தம்பிக்குச் சின்ன வயசு, பாவம்' என்று வீட்டில் முடிவு கட்டக் கூடாது. பிள்ளை பெற்ற பெண்ணின் மஜ்ஜை ஓர் ஆணுக்குப் போகும்போது நாள்பட்ட ஜிவிஹெச்டி வர வாய்ப்பு கூடுதல். கர்ப்ப காலத்தில் அவள் உடம்பு அந்நிய அடையாளங்களை ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கும். நான் இரண்டு பிள்ளைக்காரி. வேறு பொருத்தம் எங்களுக்கு இல்லை, அதனால் நான். தேர்வு இருப்பவர்கள் கேட்டுவிடுங்கள்.

செல்லை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். நான்கைந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பு வழியாக மெஷினில் பிரித்து எடுப்பது ஒரு முறை. மயக்கம் கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து எடுப்பது இன்னொன்று. மெஷினில் எடுத்தால் நோயாளியின் ரத்த அணுக்களின் கவுண்ட் சீக்கிரம் ஏறும், ஆனால் நாள்பட்ட ஜிவிஹெச்டி கொஞ்சம் அதிகம். நோயைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார். டோனருக்கு? எனக்கு ஊசி நாட்களில் இடுப்பு வலியும் தலைவலியும் இருந்தன, பாராசிட்டமால் போதுமாக இருந்தது.

இன்னொரு பெரிய பொறி. மாற்று முடிவானதும் ரத்தம் கொடுக்கிறோம் என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நோயாளிக்கு ரத்த சொந்தங்களின் ரத்தத்தை ஏற்ற வேண்டாம். மாற்றுக்கு முன்னாலேயே டோனரின் அடையாளங்களுக்கு எதிராக உடம்பு பழகிவிடலாம். அதோடு, நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே ஆபத்தான ஒரு வகை ஜிவிஹெச்டியைக் கொண்டுவரலாம். சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு யூனிட் வாங்கிக்கொள்ளட்டும்.

3. பணம்: அட்மிஷனுக்கு முன் முடிக்க வேண்டியவை

எங்களுக்குக் கொடுத்த மதிப்பீடு 14 லட்சம். முடிவில் ஆனது 21 லட்சம். இந்த ஏழு லட்சத்தில் பெரும்பகுதி ஜிவிஹெச்டிக்காக இரண்டாம் முறை படுத்ததற்கு. மதிப்பீட்டுத் தாளில் பெரும்பாலும் 'சிக்கல் இல்லாமல் இருந்தால்' என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். கையில் இருப்பதையெல்லாம் முதல் நாளே கட்டிவிடாமல் மூன்றில் ஒரு பங்கையாவது பின்னாலுக்கு ஒதுக்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மஜ்ஜை மாற்று அதில் உயர் சிகிச்சைப் பட்டியலில் வருகிறது, அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். மதுரைக் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் போட்டோ எடுத்து கார்டு தருவார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று அது நகர்ந்து வரும். எங்கள் விண்ணப்பம் ஒரு மேஜையில் ஒன்பது நாள் தூங்கியது. ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர், ஆதாரில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கல்யாணமாகித் தனிக் கார்டு வாங்கியவர்கள் எந்தக் கார்டில் இருக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பார்கள்.

நீங்கள் சேரப்போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. மஜ்ஜை மாற்றுக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டு கவுண்டரில் தனியாகக் கேளுங்கள். நான் முதல் கேள்வியோடு நின்றுவிட்டு ஏமாந்தேன்.

பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரி கொடுக்கும் நோய்ச் சான்றும் செலவு மதிப்பீடும் அசலாக, இரண்டு பாஸ்போர்ட் போட்டோ, முகவரிச் சான்று, வருமானச் சான்று. எம்.பி. கடிதத்தோடு போனால் நல்லது. பணம் உங்கள் கைக்கு வராது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். முக்கியமாக, ஏற்கெனவே செலவழித்ததற்குத் தர மாட்டார்கள். அதனால் மதிப்பீடு கைக்கு வந்த அன்றே அனுப்புங்கள். மதிப்பீட்டை மூன்று அசல் பிரதியாகக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு நிதிக்கும் திரும்ப அலைய வேண்டாம்.

நோயாளி தலசீமியா அல்லது அப்லாஸ்டிக் அனீமியா உள்ள குழந்தையாக இருந்தால், கோல் இந்தியா நிறுவனம் பணம் தரும் தலசீமியா பால் சேவா யோஜனாவைப் பற்றிக் கேளுங்கள். 10 லட்சம் வரை உதவி உண்டு. குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான்.

ரயில்: புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் வேண்டும். கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் இறங்குவது எங்களுக்குச் சரியாக இருந்தது.

4. நூறு நாள் தங்குமிடம்

ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துக்குள், சமையலறையோடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்காத இடம். மாடிப்படி குறைவாக இருந்தால் நல்லது. கட்டட வேலை ஏன் என்றால், தூசியில் வரும் பூஞ்சை இந்த நேரத்தில் நுரையீரலில் பிடித்துக்கொள்ளும். வாடகை பேசும்போது நான்கு மாதத்துக்குப் பேசுங்கள். நூறாம் நாளில் சரியாக விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, 101ஆம் நாள் வீட்டுக்காரரிடம் கெஞ்சியவள் நான்.

5. ஊருக்குக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லோரும் வாங்குவார்கள். அது போதாது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவையும் இருக்கட்டும்:

- இப்போது சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதோடு.
- இரண்டு பேருடைய ஹெச்எல்ஏ ரிப்போர்ட்.
- கைமெரிசம் ரிப்போர்ட். ரத்தத்தில் எத்தனை சதவீதம் டோனருடையது என்று சொல்லும் டெஸ்ட் இது.
- கடைசி மூன்று சைக்ளோஸ்போரின் லெவல் (ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது), கிட்னிக்கான கிரியாட்டினின், ஈரலுக்கான பிலிருபின்.
- எந்த குரூப் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள்.

கடைசித் தாளைப் பற்றி இரண்டு வார்த்தை. தம்பி பிறந்ததிலிருந்து ஓ பாசிட்டிவ். நான் பி பாசிட்டிவ். மாற்றுக்குப் பிறகு அவன் ரத்தம் மெதுவாக பி பாசிட்டிவ் ஆகிவிட்டது. ஆனால் அவன் லைசென்ஸிலும் பர்ஸில் இருக்கும் அட்டையிலும் இன்னும் ஓ. நடுவில் சில மாதம் சிவப்பணுவுக்கு ஒரு குரூப், பிளேட்லெட்டுக்கு இன்னொரு குரூப் என்று இருக்கும். ராத்திரி நேரத்தில் ஓர் உள்ளூர் ஆஸ்பத்திரியில் இதை வாயால் விளக்க முடியாது. அந்தத் தாளிலேயே 'இர்ரேடியேட் செய்த, வெள்ளை அணு வடிகட்டிய ரத்தம் மட்டும்' என்றும் எழுதி வாங்குங்கள். இர்ரேடியேட் செய்வது என்றால் ரத்தப் பையின் மேல் கதிர் பாய்ச்சி அதிலுள்ள டி செல்கள் பெருகாமல் செய்வது. சாதாரண ரத்தத்தை அவசரத்தில் ஏற்றிவிட்டால் மூன்றாவது ஒருவருடைய டி செல் உள்ளே போகும்.

6. மதுரையில் ஆளையும் இடத்தையும் முன்பே பிடித்து வையுங்கள்

ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, மதுரையில் ஒரு ரத்தநோய் டாக்டரைப் பாருங்கள். ஃபைலைக் காட்டி, 'அவசரம் என்றால் உங்களிடம் வரலாமா, அட்மிஷன் போடுவீர்களா' என்று நேராகக் கேளுங்கள். சிலர் மாற்று செய்த இடத்துக்கே போங்கள் என்பார்கள். அது தெரிந்துகொள்ள வேண்டிய பதில்தான், அதை நெருக்கடி நேரத்தில் கேட்கக் கூடாது. எனக்கு மூன்றாவது டாக்டர்தான் சரி என்றார்.

அப்புறம் லேப். சைக்ளோஸ்போரின் லெவல் அங்கேயே பார்க்கிறார்களா, வெளியூருக்கு அனுப்புகிறார்களா, எத்தனை நாளில் ரிசல்ட்? இர்ரேடியேட் செய்த ரத்தம் எந்த ரத்த வங்கியில் கிடைக்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

7. மாத்திரையும் லெவலும்

லெவலுக்கு ரத்தம் எடுக்கும் நாள் காலையில் சைக்ளோஸ்போரின் சாப்பிடக் கூடாது. முந்தின ராத்திரி சாப்பிட்டதிலிருந்து சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு முறை சாப்பிட்டுவிட்டுப் போய், லெவல் எக்கச்சக்கமாகக் காட்டி, அதை நம்பி அளவைக் குறைத்து, அடுத்த வாரம் லெவல் தரையில் விழுந்தது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் நேரத்தைக் கணக்கிட்டு, முதல் நாள் ராத்திரி மாத்திரையின் மணியை அதற்கேற்ப வையுங்கள்.

கம்பெனி மாற்றக் கூடாது. 'அதே மருந்துதான், இது விலை கம்மி' என்று கடைக்காரர் எடுத்துத் தருவார். லெவல் மாறிவிடும். மாத்திரையைத் தகட்டிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். பிரித்ததும் ஒரு வாடை வரும், அது கெட்டுப்போன வாடை இல்லை. எங்கள் ஓட்டு வீட்டுச் சூட்டுக்கு, மண்பானைக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிதான் கிடைத்த குளிர்ந்த இடம்.

சேராதவை: பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மாதிரி மருந்துகள் லெவலை ஏற்றும், அதைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் லெவல் பார்க்க வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் லெவலை அடியோடு இறக்கும். பம்பளிமாஸ் பழம் வேண்டாம். ரொம்ப முக்கியமாக, உடம்பு வலி என்று தெருமுனை கிளினிக்கில் போடும் வலி ஊசி வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக்கும் சைக்ளோஸ்போரினும் சேர்ந்தால் கிட்னி தாங்காது.

8. என்ன பார்க்க வேண்டும்

நூறு நாள் தாண்டினால் திடீர் ஜிவிஹெச்டி வராது என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. மாத்திரையைக் குறைக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் எங்களுக்கு வந்தது. குறைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள்.

தோல். உள்ளங்கை, உள்ளங்கால், காது, முகம், கழுத்து ஆகிய இடங்களில் முதலில் சிவக்கும். அரிக்கும், அல்லது சுட்ட மாதிரி எரியும். வேர்க்குரு உள்ளங்கையில் வராது, இந்த ஒரு அடையாளத்தை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். அம்மை என்றால் நீர்க்கொப்புளம் கட்டும். அப்படிக் கட்டினாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், இவர்களுக்கு அம்மையும் அக்கியும் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு பரவியிருக்கிறது என்று டாக்டர் போனில் கேட்பார். நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். எத்தனை கை அகலம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

குடல். தண்ணீராகப் போகும், சில நேரம் பச்சையாக, வயிற்றைப் பிசையும். சிலருக்குப் போக்கே இல்லாமல் வாந்தியும் பசியின்மையும் மட்டும் இருக்கும். 'நாலஞ்சு தடவை போச்சு' என்பது டாக்டருக்கு உதவாது. அளவு வேண்டும். கோடு போட்ட ஒரு லிட்டர் மக் ஒன்றை இதற்கென்று வாங்கி, 24 மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்று நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களுக்கு 500 மி.லி. தாண்டினால் கணக்கில் ஏறுகிறது, 1,000, 1,500 என்று தீவிரம் கூடும். அருவருப்பாக இருக்கும்தான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கு மருந்தை முடிவு செய்தார்கள்.

ஈரல். கண் மஞ்சளாகும் முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும். பிலிருபின் 2 தாண்டினால் போன் செய்யுங்கள். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்க ஒருவர் கட்டாயம் வருவார்.

9. தெரிந்த அன்றே செய்ய வேண்டியது

அன்றே என்றால் அன்றே. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் மாற்று செய்த வார்டின் நம்பருக்குக் கூப்பிடுங்கள். ஓபி நம்பரை யாரும் எடுக்க மாட்டார்கள், வார்டு நம்பரைக் கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும்.

வெயில் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், ட்யூப்லைட்டில் சிவப்பு தெரியாது. எங்கள் நிறத்துக்குச் சிவப்பு கருஞ்சிவப்பாகத்தான் தெரியும், அதனால் பக்கத்தில் சிவக்காத தோலும் படத்தில் இருக்கட்டும். அடக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று சொல்லிக் கேளுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், தொற்றாகவும் இருக்கலாம். ஜிவிஹெச்டியா, தொற்றா, மருந்து ஒவ்வாமையா என்று பார்க்க மலப் பரிசோதனை, சிஎம்வி வைரஸ் டெஸ்ட், தோலிலிருந்தோ குடலிலிருந்தோ சிறு துண்டு எடுப்பது எல்லாம் வரும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் போனுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். மதுரையில் பேசி வைத்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே போன் செய்யுங்கள். போக்கு அதிகமாக இருந்தாலோ, ரத்தம் போனாலோ, தலை சுற்றினாலோ 460 கிலோமீட்டர் காரில் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதலில் மதுரையில் சேர்த்து டிரிப் ஏற்றி, இரண்டு டாக்டர்களையும் பேச வைத்து, அப்புறம் பயணம்.

10. ஸ்டீராய்டு தொடங்கினால்

முதல் மருந்து பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், எடைக்கு ஏற்ற பெரிய அளவில். மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கேட்கவில்லையென்றால் ருக்ஸோலிடினிப் மாதிரி அடுத்த மருந்துக்குப் போவார்கள். அதன் விலையைப் பார்த்து நான் மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளி உதவித் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று டாக்டரிடமும் கம்பெனியிடமும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷினும் பிபி மெஷினும் வேண்டும். தொடைத் தசை கரையும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, அதனால் நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஏற்பாடு செய்யுங்கள். தூக்கம் போகும், குணம் மாறும். தம்பி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பத்து வருடத்துக் கரும்புக் கணக்கைத் தீர்க்க உட்காருவான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அம்மா பயந்தார். அளவு குறையக் குறைய அதுவும் போனது. நன்றாகிவிட்டது என்று ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தினால் ஆபத்து, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

11. வீடு, சாப்பாடு, திருவிழா

மாட்டுத்தொழுவம், வைக்கோல் போர், எருக்குழி பக்கம் போகக் கூடாது. புறா அடையும் மாடியும் அப்படித்தான். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். சமைத்த சூட்டில் சாப்பாடு. கடைச் சட்னி, சால்னா, ஜிகர்தண்டா எல்லாம் அடக்கும் மாத்திரை நிற்கும் வரை இல்லை. அறையில் பூ வைக்காதீர்கள், மல்லிகைப் பந்தைக்கூட வெளியில் வையுங்கள் என்று நான் சொன்னதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

வெயில் தோல் ஜிவிஹெச்டியைக் கிளப்பும். முழுக்கை, குடை, சன்ஸ்கிரீன், பத்து மணிக்குமேல் வெளியில் வேலை இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க ஆற்றுக்குப் போக வேண்டும் என்று நோயாளியே கேட்பார். வெயில், கூட்டம், தோல் பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில். டிவியில் பார்க்கட்டும்.

12. பல மாதம் கழித்து

நாள்பட்ட ஜிவிஹெச்டி சத்தமில்லாமல் வரும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், வாயில் புண், ரசம்கூட எரிவது, தோல் இறுகுவது, கை மூட்டு முழுதாக நீளாதது, பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும். கடைசியில் சொன்னதைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள், கூட இருப்பவர் கேட்க வேண்டும். கண்ணுக்கு அலைய வேண்டியதில்லை, மதுரையிலேயே அரவிந்த் இருக்கிறது. 'மஜ்ஜை மாற்று செய்தவர்' என்று சீட்டு போடும்போதே சொல்லுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவில்லை என்றால் ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அங்கே போன மூச்சு முழுதாகத் திரும்புவது கடினம்.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட ஆரம்பிப்பார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு வருடத்துக்குப் பிறகு, அதுவும் ஜிவிஹெச்டியும் அடக்கும் மாத்திரையும் இல்லையென்றால் மட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு முன்னால் மாற்று செய்த டாக்டரிடம் கேளுங்கள். அந்த உயிருள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரம் வரும், சொட்டுக்குப் பதில் ஊசியாகப் போடச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் காட்ட இதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், வாய்ச்சொல்லை அவர்களால் பதிவேட்டில் எழுத முடியாது.